வீட்டு முகட்டுக்கு எடுத்த கோணம்

செவ்வாய்க்கிழமை காலை எஸ்-பான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது சிவமலர் அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா நித்திரையால எழும்பேல்லை," என்றாள். அடுத்த தரிப்பில் இறங்கினேன். அது எந்தத் தரிப்பென்று இப்போதும் நினைவில்லை.

ஹம்பேர்க் கோயிலில் பூக்கட்டும் அக்காவாக, இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். ஊரில் நில அளவையாளரிடம் படம் கீறியவர், இங்கே பல வருடம் துப்புரவு வேலை செய்தபின் ஆவணக்காப்பகத்தில் பழைய கொப்பிகளை ஸ்கேன் செய்ய வந்தார். பள்ளியைப் பாதியில் விட்ட நானும் அதே வேலைக்கு வந்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் வந்தவை, குடியேற்ற ஆட்சிக் காலத்தில் கிழக்கு ஆபிரிக்காவை அளந்த ஒரு ஜெர்மன்காரரின் குறிப்புக் கொப்பிகள். காய்ச்சலோடு நடந்தவர். கருவி ஆற்றோடு போனபோது காலடிகளை எண்ணி அளந்தவர். "விசரன். ஆனா கோடு சுத்தம்," என்று அக்கா சிரித்தபடி மெச்சுவார்.

ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. "இஞ்ச பார் பிள்ளை. ஒரு வீட்டு முகட்டைக் குறிவைச்சுக் கோணம் எடுத்திருக்கிறார். அதே இடம் அச்சடிச்ச வரைபடத்தில 'ஆளில்லாத நிலம்'. அப்ப அந்த வீட்டை ஆர் கட்டினது, குரங்கோ?"

இந்த வெள்ளி காப்பகத்தில் திறக்கும் எங்கள் கண்காட்சியின் விளக்கப் பலகையிலும் அதே வார்த்தைகள்தான் வரவிருந்தன. அக்காவுக்கு ஜெர்மன் தடுமாறும். "நீ இஞ்ச பிறந்தனி. திங்கள் பொறுப்பாளரோட டெர்மின் இருக்கு, அந்தக் கூட்டத்தில நீ சொல்லு, நான் கொப்பியைக் காட்டுறன்."

திங்களன்று பொறுப்பாளர் பலகை வாசகத்தைப் படித்துவிட்டு, எல்லாம் சரியா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சரியென்று தலையாட்டினேன். அக்கா தான் திறந்து வைத்திருந்த கொப்பியை மெதுவாக மூடினார்.

வெளியே வந்து ஏசவில்லை. "உனக்கு வாய் இருக்கோ, இல்லாட்டி அதையும் ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டியோ?" என்றார். பிறகு, "வெள்ளி திறக்க முதல் சொல்லிப்போடு."

"ஓம் அக்கா," என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நேற்றுப் பொறுப்பாளரின் கதவைத் தட்டினேன். முழுவதையும் சொன்னேன். கேட்டார். பலகை அச்சாகிவிட்டது, பிறகு பார்ப்போம் என்றார்.

அக்கா அந்தப் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்த துண்டுக் கடதாசி என்னிடம் இருக்கிறது. பென்சிலால் ஒரு முகடு கீறி, கீழே "ஆக்கள் இருந்தவை" என்று எழுதியிருக்கிறார். நாளை வெள்ளி. அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் நிற்பேன். கேட்பவர்களுக்குச் சொல்வேன். கேட்காதவர்களுக்கும்.