கொம்பியூட்டர் அறை நசீமா

நசீமா காலமாகிவிட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னார். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு முன் நல்லடக்கம் என்றும் சொன்னார். உக்குவளையிலிருந்து பஸ் பிடித்து மாத்தளைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கக்கூடும். எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரதேச செயலகத்துக்கு முதல் கொம்பியூட்டர் வந்தது. அதை இயக்க நசீமா வந்தார். மின்சாரம் சீராக வருகிறதா என்று காலையில் முதலில் மேசை விளக்கைப் போட்டுப் பார்ப்பார். வெளிச்சம் துடிக்காமல் நின்றால்தான், தானே தைத்த பூப்போட்ட உறையைக் கழற்றி இயந்திரத்தைப் போடுவார். கட்டடத்தில் குளிரூட்டி இருந்த ஒரே அறை அது. வெயில் ஏறியதும் ஆளுக்கொரு சந்தேகத்தோடு அங்கே போவோம். "வாங்க சேர், செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. சந்தேகத்த ஆறுதலா கேளுங்க, குளிர் எங்கயும் போகாது" என்பார்.

எங்கள் தலைமை எழுத்தரான பிரதம லிகிதர் ஒழுங்கு தவறாதவர். நசீமா கொடுத்த பிளொப்பித் தட்டு ஒன்றை அவர் துளையிட்டு, நூல் கோத்து, கோப்பில் கட்டி வைத்துவிட்டார். மறுவாரம் அதை வாங்கிப் பார்த்த நசீமா சிரிக்கவில்லை. "காது குத்திட்டீங்களே சேர். எங்களையும் கூப்பிட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு, முழுவதையும் மறுபடி தட்டச்சுச் செய்ய உட்கார்ந்தார். அன்று எல்லோருக்கும் பிரதம லிகிதர்தான் தேநீர் வாங்கினார்.

மின்வெட்டு நீண்டிருந்த ஒரு நாள், உக்குவளைக்கு மேலேயுள்ள தோட்டத்திலிருந்து ஒரு தாய் வந்தார். அடையாள அட்டை இல்லாத அவருடைய மகனை முதல்நாள் பஸ்ஸில் வைத்துப் பொலிஸார் பிடித்திருந்தார்கள். அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று எங்கள் கடிதம் மாலைக்குள் போகாவிட்டால் அவனைத் தடுப்புக் காவலில் கண்டிக்கு அனுப்பிவிடுவார்களாம். "புள்ளய அங்க கொண்டுபோயிட்டா நான் எங்க போயிங்க தேடுவேன்?" என்றார். அவனுடைய விண்ணப்பம் எங்களிடம் இருந்தது. ஆனால் போலிக் கடிதங்கள் நடமாடியதால், கொம்பியூட்டரில் அச்சிட்டவை மட்டுமே செல்லும் என்று உத்தரவு. மின்சாரம் இல்லை. கடிதத்தில் கையொப்பமிட வேண்டிய அதிகாரியோ யட்டவத்தையில் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

நசீமா திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, மின்கலப் பெட்டியில் மிஞ்சியிருந்த சக்தியில் கடிதத்தை அடித்தார். பெட்டி கத்தத் தொடங்கியது. பிரிண்டர் வரி வரியாக நகர்ந்து கடைசி வரியை முடித்ததும் எல்லாம் அணைந்தது. கடிதத்தின் அடியில், அதிகாரிக்காக என்று என் பெயர் இருந்தது.

அதிகாரி இல்லாத வேளையில் கையொப்பமிடும் அதிகாரம் எனக்கு இருந்தது உண்மைதான். ஆனால் நான் யாழ்ப்பாணத்தான். அந்த யுத்த காலத்தில், பொலிஸ் பிடித்த ஒரு தமிழ்ப் பையனுக்காக என் பெயரில் கடிதம் போனால் அடுத்து என்னைத்தான் விசாரிப்பார்கள். அதிகாரி வரும்வரை பொறுப்போமா என்று கேட்டேன்.

"அவர் வர பொழுது பட்டிரும். பயம்னா பயந்துக்கிட்டே போடுங்க சேர். பயந்து போட்ட கையெழுத்தும் செல்லும்" என்றார் நசீமா. குரலில் கேலி இல்லை.

போட்டேன். கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அன்று மாலை பஸ் நிலையத்தில் அந்தத் தாய் மகனின் சட்டை நுனியைப் பிடித்தபடி நின்றார். வளர்ந்த பையன், வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான்.

அதன் பிறகும் நான் பயமற்றவனாகிவிடவில்லை. என் பெயரைக் கேட்டு யாராவது வருவார்களோ என்று வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதே தேவையோடு இன்னும் பல தாய்மார் வந்தார்கள். அதிகாரி இல்லாத நாட்களிலும் அவர்களில் ஒருவரையும் நான் காக்க வைக்கவில்லை. நசீமாவால் எனக்கென்று மிஞ்சியவை, பயந்துகொண்டே போட்ட அந்தக் கோணல் கையொப்பங்கள்தான்.