கொம்பு வண்டும் என் மனைவியின் பெயரும்

நான் வண்டு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அருங்காட்சியகத்தின் பின்கட்டில் உட்கார்ந்து, செத்த வண்டை ஊசியில் குத்தி, காலை அளந்து, மீசைக் கணுவை எண்ணி, எது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்த இனம் என்று பிரித்து வைப்பதுதான் பிழைப்பு. கல்யாண வீட்டில் யார் எனக்கு என்ன முறை என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். வண்டின் சொந்தபந்தம் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வேன்.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு புது இனம் கண்டுபிடித்தேன். மலைக்காட்டில் பிடித்த, தலையில் கொம்பு வைத்த கறுப்பு வண்டு. பெயர் வைக்கும் உரிமை எனக்கு வந்தது. மனைவியின் பெயரை வைத்தேன்.

"ஏங்க, என் பேருக்குக் கொம்பு வச்ச பூச்சிதான் கிடைச்சுதா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு அவளே அதன் படத்துக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் முன் வண்டைக் காட்டினாள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அதே காட்டில் கொம்பில்லாத வண்டு ஒன்று உண்டு. அதற்கு என் தாத்தா காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் ஆண் எப்படி இருக்கும் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அதன் முட்டைகளை மட்கிய மரத்தூளோடு டப்பாவில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வளர்த்தேன். புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வெளியே வந்தவற்றில் பாதிக்குக் கொம்பு!

புருஷனையும் பெண்டாட்டியையும் இரண்டு இனமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அதிலும் ஆணுக்குப் போய் என் மனைவி பெயர். ஊருக்கெல்லாம் வண்டு பாடம் எடுக்கிறவன் லட்சணம் இது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் படத்தைத் தாண்டிச் சாப்பிடப் போகவே கூச்சமாக இருந்தது. திருத்தம் எழுதினால் தாத்தா காலத்தில் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அவள் பெயர் போய்விடும். அவள் முகம் வாடும் என்று தெரிந்தும், டப்பாவும் கையுமாக நின்று சொல்லிவிட்டேன்.

அவள் படத்தையே பார்த்தாள். "அப்போ என் பேரை அடிச்சிருவாங்களா?"

"அடிக்க மாட்டாங்க. சரியான பேருக்குக் கீழ, தப்பா வச்ச பேருன்னு சின்ன எழுத்துல எப்பவும் இருக்கும்."

"யாரு தப்பா வச்சதுன்னு போடுவாங்களா?"

"உன் பேருக்குப் பக்கத்துலயே என் பேரு இருக்கும்."

படத்தைக் கழற்றப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகையிலயும் நம்ம பேரு பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு. அதை நான் திருத்துனேனா என்ன?"