ஒரே டப்பாவில் கலந்த தோட்டாக்கள்

சுலேமா கப்ராலுக்குக் கண் போய்விட்டது என்று லா பாம்பாவின் புல்வெளி முழுக்கச் சேதி பரவிவிட்டது. பரப்பியவன் அவள் கணவனின் தம்பி அனீபால். ஒரு காட்டுப்பன்றியை இரண்டு தரம் சுட்டாள், இரண்டும் குறி தப்பிவிட்டன. அவன் வாய்க்கு அவல் கிடைத்தால் விடுவானா?

சுலேமாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் பதினெட்டு வருஷமாகப் பட்டிக்குக் காவல் அவள்தான். இத்தனை ஆம்பிளைகள் உள்ள பண்ணையில் துப்பாக்கி தன் தோளில் தொங்குவதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அதை மறைக்கவும் மாட்டாள். இந்தச் செப்டம்பரில் அந்தப் பன்றி ஒன்பது குட்டிகளைத் தின்றுவிட்டது. முதலாளி தோன் இரினேயோ வந்து, சனிக்கிழமைக்குள் பன்றி விழாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நகரத்து வேட்டைக்காரர்கள் வருவார்கள், காவலும் இனி அவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனீபால் மாத்தே இலைக் கஷாயத்தை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தான்.

"அண்ணி, பேசாம கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு அடுப்படியில உக்காருங்க."

"என் கண்ணு கிடக்கட்டும். உன் வாய்க்கு ஒரு மூடி கிடைக்குமான்னு கடையில கேளு."

வாய் பேசிவிட்டாளே தவிர, உள்ளே பயம் பிடுங்கித் தின்றது. வியாழக்கிழமை விடிந்ததும் நூறு தப்படி தள்ளி ஒரு கோணிச்சாக்கைக் கட்டி, கரியால் புள்ளி வைத்து ஐந்து தோட்டா சுட்டாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று ஓரத்தில் என்று மூலைக்கொன்றாகப் போயிருந்தன. நிஜமாகவே கண் போய்விட்டது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்து மறுபடி தோட்டா எடுக்க டப்பாவுக்குள் கையை விட்டபோதுதான் கவனித்தாள். கையில் வந்த இரண்டில் ஒன்று கூர்மூக்கு, ஒன்று மொட்டைமூக்கு. வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றதிலிருந்து கடையில் முழுப் பெட்டி கிடைப்பதில்லை. கிடைத்ததைக் கைப்பிடி கைப்பிடியாகச் சில்லறையில் விற்பார்கள். எல்லாரையும் போல அவளும் பழைய மாத்தே டப்பாவில் கொட்டிவைத்திருந்தாள். எல்லாம் ஒரே அளவு, துப்பாக்கிக்குள் ஒழுங்காக நுழைகின்றன. அப்புறம் யார் மூக்கைப் பார்க்கிறார்கள்?

பயறு பொறுக்குவதுபோல உட்கார்ந்து இனம் பிரித்தாள். மூன்று வகை தேறியது. கோணியைத் திருப்பிக் கட்டி, ஒவ்வொரு வகையிலும் மும்மூன்று சுட்டாள். கூர்மூக்கு மூன்றும் புள்ளியிலேயே போய் உட்கார்ந்தன. செம்புத்தலை மூன்றும் இரண்டு விரல் மேலே, வலப்பக்கம் ஒட்டி. கனத்த மொட்டைமூக்கு மூன்றும் நாலு விரல் கீழே, ஒரு காசால் மூடிவிடலாம் போல நெருக்கமாக.

அடக் கடவுளே! கண்ணும் சரி, கையும் சரி. தோட்டாதான் வகைக்கு ஒரு இடமாகப் போய் விழுந்திருக்கிறது. சுலேமா தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மிச்சமிருந்ததில் மொட்டைமூக்குதான் அதிகம், ஏழு. துப்பாக்கி மேலிருந்த, குறி பார்க்கும் தொலைநோக்கியின் திருகை அதற்கேற்பத் திருப்பி, இரண்டைச் சுட்டுப் பார்த்தாள். இரண்டும் புள்ளியில். மற்ற வகைகளைத் துணியில் முடிந்து அலமாரியில் போட்டுப் பூட்டினாள்.

சனிக்கிழமை விடியலில் பனி விலகும்போது பன்றி வேலியோரம் வந்தது. சுலேமா குறிவைத்தாள். ஒரே வெடி. பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

ஞாயிறு மதியம், பன்றி விழுந்த சேதி தெரியாமல், முதலாளி நாலு வேட்டைக்காரர்களோடு வண்டியில் வந்து இறங்கினார். முற்றத்தில் பன்றி நெருப்பில் வெந்துகொண்டிருந்தது. அனீபால் விறகு போட்டுக்கொண்டிருந்தான்.

"கண்ணு சரியில்லைன்னாங்களே?" என்றார் முதலாளி.

சுலேமா தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கவில்லை.

"இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, பாவம். சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."