ரூமுக்கு நாலு பேர்

இதைக் கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் சிவகாசி பக்கம் விஸ்வநத்தத்தில் ரோஜா இருக்கிறாள். அந்த லேப்டாப்பும் அவள் வீட்டுப் பரணில் சாக்குக்குள் கிடக்கிறது. அவள் சொன்ன நேரங்களைக்கூட நான் மாற்றவில்லை.

போன புரட்டாசி. வெடிக் கம்பெனிகளில் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம். ரோஜா ஆறு வருடம் அந்த வேலை பார்த்து, ஓயாத இருமலால் நின்றவள். அவளுக்குப் பதில் அம்மா அய்யம்மாள் போனாள். சட்டப்படி நாலு பேர்தான் உட்காரலாம் என்ற ரூமில் அம்மா ஐந்தாவது ஆள். சீசனில் அப்படித்தான். அதை நினைத்தால் ரோஜாவுக்குச் சோறு இறங்காது.

அன்று மதியம் மூன்று மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கிடைத்தால் மறுநாளே அம்மாவை நிறுத்திவிடலாம். போன் ஆகாது, லேப்டாப்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்ததோ எத்தனை கை மாறியதோ தெரியாத பழைய லேப்டாப். விண்டோஸ் அதற்குப் பாரம். முந்தின நாள் அதை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றினாள். லேப்டாப் கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. சத்தம்தான் போய்விட்டது.

இரண்டு மாதமாகப் பாட்டுக் கேட்ட அதே ஸ்பீக்கர். இப்போது மூச்சில்லை. இயர்போன் மாட்டும் ஓட்டை எப்போதோ ஆடிப்போயிருந்தது.

காலையிலிருந்து மல்லுக்கட்டினாள். மியூட் இல்லை. வால்யூம் நூறு. அணைத்துப் போட்டாள், மறுபடி அணைத்துப் போட்டாள். யாரோ எங்கோ எழுதி வைத்த கட்டளைகளை எல்லாம் அடித்துப் பார்த்தாள். ஸ்பீக்கர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்றே நின்றது. மணி 12.45. கண் எரிந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

1.32. மைக்காவது வேலை செய்கிறதா என்று பார்த்தாள். செய்தது. திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது.

ஆனால் அவள் பேசவில்லை.

ஃபேன் சத்தமாக இருக்கும் என்று ஃபேனை நிறுத்தினாள். கோடு ஏறியது... இறங்கியது. யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

1.41. சோதனைக் கட்டளையைக் கடைசியாக ஒரு முறை அடித்தாள். சரியாக இருந்தால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் 'இடது', 'வலது' என்று சொல்ல வேண்டும்.

ஒன்றுமில்லை.

மேஜையில் தலையைச் சாய்த்தாள். அப்போது...

கர்ர்ர்...

"உள்ள எத்தன பேரு?"

ஆம்பளைக் குரல். ஆறு வருடம் தினமும் ரூம் வாசலில் கேட்ட கேள்வி. போர்மேன் கேட்பார். ஐந்து பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே பதில்தான். அரைத் தூக்கத்தில் ரோஜாவின் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"நாலு பேருண்ணே."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது போர்மேன் நாகையா அண்ணன் குரல். பங்குனியில் செத்துப்போனவர். சுடுகாடு வரைக்கும் அவளே கூடப் போயிருந்தாள்.

"பொய் சொல்லாத. அஞ்சு."

பச்சைக் கோடு உச்சியில் நின்றது.

"ஒரு ஆளு வெளிய வரலாம். யாரு?"

யோசிக்கவில்லை.

"எங்கம்மா... அம்மா! வெளிய வாம்மா!"

கர்ர்ர்... அடங்கியது.

1.47.

தரை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி நடுங்கியது. தெருவில் எல்லோரும் கம்பெனிப் பக்கம் ஓடினார்கள்.

அம்மா பிழைத்தாள். வாசலிலிருந்து பத்தடி தள்ளிக் கிடந்தாள், கையில் மட்டும் காயம். உள்ளே இருந்த நாலு பேரும் வரவில்லை. கம்பெனி நோட்டிலும் அந்த ரூமுக்கு நாலு பேர் என்றுதான் எழுதியிருந்தது.

ஐந்தாம் நாள், மனசு கேட்காமல் லேப்டாப்பைச் சிவகாசியில் அன்பரசன் கடைக்குக் கொண்டுபோனாள். ஸ்க்ரூவில் எல்லாம் வருடக்கணக்கான அழுக்கு. திறந்து பார்த்தவன் நிமிர்ந்தான்.

"என்னக்கா, இதுல ஸ்பீக்கரே இல்ல?"

இரண்டு பக்கமும் வெறும் குழி. ஒயர்கூடக் கிடையாது.

"புதுசு போட்டுரவா?"

"வேண்டாம் தம்பி."

அம்மா எட்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஒன்பதாம் நாள் ரோஜா கஞ்சியை ஊட்டும்போது அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"ஏத்தா, அன்னைக்கு நீ எதுக்குக் கம்பெனிக்கு வந்த?"

"நான் வரலயேம்மா. வீட்லதான இருந்தேன்."

"வாசல்ல நின்னு, 'அம்மா, வெளிய வாம்மா'ன்னு நீதான கூப்பிட்ட? அதக் கேட்டுத்தான எந்திரிச்சு வந்தேன்."

ரோஜா கஞ்சியைக் கீழே வைத்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்தாள்.

"அந்த நாலு பேரும்கூட ஒன்னப் பாத்தாளுக. 'எங்களையும் கூப்பிடு ரோசா'ன்னு கேட்டாளுகளே... நீ ஏன்த்தா பேசாம நின்ன?"