யானை படுத்த மேடு

அப்பா போன ஆடி மாதம் இறந்துபோனார். மூச்சுதான் காரணம். நான் பிறப்பதற்கு முன்னால் அவர் கல் உடைக்கிற கிரஷரில் வேலை பார்த்தவர். அந்தத் தூசி அப்போதே நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது, பல வருடமாகப் பாதி மூச்சில்தான் இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். அப்பா இன்ன வேலை செய்தார் என்று நான் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "சைக்கிள்லயா? இவரா?" என்றார்.

ஆமாம், சைக்கிளில்தான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு கெஸ்ட்ஹவுஸ் இருந்தது. அதன் முதலாளியிடம் கியர் வைத்த சைக்கிள்கள் இருந்தன. அங்கே தங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது அப்பாவின் வேலை. சும்மா ஆசைக்கு மிதிக்கிறவர்களை மலையைச் சுற்றி அடி அண்ணாமலை வழியாகக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். நன்றாக மிதிக்கிறவர்கள் என்றால் மணலூர்பேட்டைக்குப் போய், தென்பெண்ணை ஆற்றைப் பிடித்து, ஆற்றோடு திருக்கோவிலூர் வரைக்கும். திரும்பி வரும்போது எல்லோரும் சைக்கிளோடு மினி வேனில் வந்துவிடுவார்கள். தை மாதத்தில் அண்ணாமலையாரே மணலூர்பேட்டை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிற ரோடு அது. அப்பாவின் இங்கிலீஷில் அது "காட் ரோடு. காட் கோ பாத்திங்."

இப்போது அந்த ரோட்டில் நான்தான் ஆட்களைக் கூட்டிப் போகிறேன். முதல்முதலாக நான் போன நாள்தான் இந்த ஒரு மாதமாக மனதில் வந்துகொண்டே இருக்கிறது.

ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அரைப் பரீட்சை லீவு. எனக்குப் பழைய சைக்கிள் ஒன்று வாங்கித் தந்திருந்தார்கள். அதில் ஆறு வரைக்கும் போகவேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வேண்டாம் என்பார். அந்தத் தடவை அம்மாதான் போகச் சொன்னாள். காலையில் வாசலில் நிறுத்தி என் பாட்டிலில் சீரகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். "அப்பாவ விட்டுட்டு முன்னாடி ஓடிடாத. பக்கத்துலயே இரு. எங்கனா உக்காந்துட்டாருன்னா சாயங்காலம் எனக்குச் சொல்லு, இன்னா?" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணை அவள் அம்மா இப்படித்தான் அப்பாகூட அனுப்புவாள், ஒயின் ஷாப் பக்கம் ஒதுங்குகிறாரா என்று பார்க்க. எங்கள் அப்பா குடிப்பார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஆனாலும் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்களே என்று கிளம்பினேன்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாவும் வளர்ந்த அவள் மகனும். அவர்கள் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதலாளி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் கூடவே போய் நின்றுகொண்டேன்.

"அந்தம்மா ஒரு மாசம் இருக்கப் போறாங்க. அவங்க ஊர்லருந்து இன்னும் ஆளுங்க வராங்க. பாத்து நடந்துக்கோ. உங்க ஆளு வழியில ஜாஸ்தி நிக்கிறாருன்னு போன தடவ வந்தவங்க சொல்லிட்டுப் போயிருக்காங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடு. ஆட்டோ ஓட்டுற பையன் ஒருத்தன் இந்த வேலைய கேட்டுக்கினே இருக்கான்."

"முடியாம இன்னா சார்? சாமியே போற ரோடு" என்று அப்பா சிரித்தார்.

ஊர் தாண்டினதும் ரோட்டின் இரண்டு பக்கமும் நெல்லும் மல்லாட்டையும்தான். மல்லாட்டை என்றால் நிலக்கடலை, எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெயில் ஏறவில்லை. அந்த அம்மா என் பக்கத்தில் வந்து மணியடித்துப் போட்டிக்குக் கூப்பிட்டாள். எனக்கும் மிதித்து ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. எங்கள் அம்மா காலையில் சொன்னது ஞாபகம் வந்து அப்பாகூடவே போனேன்.

முதலில் ஒரு ஏரிக்கரை மேடு வந்தது. பாதி ஏறினதும் அப்பா இறங்கிவிட்டார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கு நடுவே தெரிந்த ஒரு கருவேல மரத்தை நோக்கிக் கையை நீட்டினார். எதுவும் பேசவில்லை. அந்த அம்மாவும் மகனும் நின்று, அவர் கை காட்டின பக்கம் பார்த்தார்கள். ஏதோ சாமி விஷயம் என்று நினைத்தார்களோ என்னவோ. நல்ல நேரம் கழித்து அப்பா மெதுவாக ஆரம்பித்தார், ஒரு ராணி இந்த ஏரியில் மூக்குத்தியைத் தொலைத்த கதை. அந்த அம்மா கேட்டுவிட்டு ஏரியை போட்டோ எடுத்தாள்.

அடுத்த மேட்டில் ஒரு தளபதி குதிரையை விட்டு இறங்கியிருந்தார். அதற்கடுத்த மேட்டில் ஒரு சாமியார் தண்ணீர் கேட்டிருந்தார். எல்லா இடத்திலும் அப்பா முதலில் கையை மட்டும்தான் நீட்டுவார், பேச்சு அப்புறம்தான் வரும். சமமான ரோட்டில் ஒரு கதையும் இல்லை. அந்தக் காலத்து ராஜாக்கள் எல்லாம் மேடாகப் பார்த்துத்தான் எதையும் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மணலூர்பேட்டைக்கு முன்னால் இன்னொரு மேடு இருக்கிறது. பஸ்ஸில் போனால் அது மேடு என்றே தெரியாது. அங்கே அப்பா இறங்கினார். ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு நடுவில் பாறை ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதைக் காட்டினார்.

நாங்கள் பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்பா பேசவில்லை. மகன் ஒரு போட்டோ எடுத்தான், இன்னொன்றும் எடுத்தான். அப்புறம் வாட்சைப் பார்த்தான். "வாட் இஸ் இட்?" என்று கேட்டான். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

அப்பாவுக்குக் கதை மறந்துபோய்விட்டது. இவர்கள் போய் முதலாளியிடம் சொல்வார்கள். ஆட்டோக்காரன் வந்துவிடுவான்.

"கிங்!" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அடுத்து என்ன என்று எனக்கே தெரியாது. பாறையைப் பார்த்தேன். யானை மாதிரி இருந்தது.

"கிங் கம். பிக் எலிபென்ட் கம். எலிபென்ட் டயர்டு. ஹியர் ஸ்லீப்."

இங்கிலீஷ் தீர்ந்துபோனதால் ரோட்டோரம் மண்ணில் படுத்துக் காட்டினேன். அந்த அம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். ராஜாவுக்குக் கோபம் வந்ததா என்று கேட்டாள்.

"நோ ஆங்ரி. கிங் ஆல்சோ சிட். ஆல் சோல்ஜர் சிட். எலிபென்ட் ஸ்லீப், ஸ்லீப், ஸ்லீப்."

சொல்லிக்கொண்டே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். மகனும் உட்கார்ந்தான். கடைசியாக அப்பா, கால் மடங்கின மாதிரி, அப்படியே உட்கார்ந்தார்.

கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாண்ணா, ரோட்டுலயே பந்தி போட்டுட்டீங்களா? இலை எங்க?"

அப்பா கையை மட்டும் ஆட்டினார். "ராஜா கதை அக்கா! இந்தப் பாறை யானை!" என்றேன் நான்.

"எந்த ராஜாடி? எங்க மாமனாரு அது மேல மல்லாட்ட காய வெப்பாரு. நேத்து கூட வெச்சாரு, போய்ப் பாரு."

அவள் என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மா கேட்டாள்.

"ஷி ஸே எஸ்" என்றேன். "எலிபென்ட் ஹியர். ட்ரூ."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நான் என் பாட்டிலைக் கொடுத்தேன். ஒவ்வொரு வாயாகக் குடித்தார். யானையின் பெயர், அதற்கு மணி கட்டியிருந்தது, சிப்பாய்கள் அங்கேயே சோறு ஆக்கினது என்று நான் கதையை வளர்த்துக்கொண்டே போனேன். நிறுத்தத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகத்தில் வேர்வை காய்ந்திருந்தது.

"அப்புறம் யானை எழுந்துச்சா பாப்பா?" என்று கேட்டார்.

"எழுந்துச்சுப்பா. நீயும் எழுந்திரு, போலாம்."

ஆற்றில் தண்ணீர் கம்மிதான். மணலுக்கு நடுவே ஒரு பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வரைக்கும் நனைந்து, பாவாடையைப் பிழிந்துவிட்டு, மறுபடி மிதித்தேன். திருக்கோவிலூர் கோபுரம் தெரிந்தபோது நான் வெள்ளைக்கார அம்மாவுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். வழியெல்லாம் சமமான ரோடு. அப்பா பின்னால் வருகிறாரா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றார். அந்த அம்மாவுக்குக் கோபுரத்தைவிட யானைதான் பிடித்திருந்ததாம். "கதைக்காரப் பொண்ணையும் லீவுல கூட்டிக்கினு வா" என்று அப்பாவிடம் சொன்னார். அதற்கப்புறம் லீவு நாளெல்லாம் போனேன். ஒவ்வொரு மேட்டிலும் அப்பா இறங்கிக் கையை நீட்டுவார், என்னைப் பார்ப்பார். நான் ஆரம்பித்துவிடுவேன். ராணியின் மூக்குத்தியையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அந்த முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்குள் போனதும் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். என்னைத்தான் முதலில் பார்த்தாள்.

"அப்பா ஒயின் ஷாப் பக்கமே போகலம்மா" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் சிரித்தாள். "வேற?"

"ஆனா அப்பாவுக்கு மறதி வந்துடுச்சும்மா. கதைய மறந்துட்டு ரொம்ப நேரம் சும்மாவே நின்னாரு. நான்தான் சொன்னேன். நான் சொல்லி முடிக்கிற வரிக்கும் உக்காந்தே கேட்டாரு."

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டி முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை.

"அடுத்த தடவ போனா சுருக்கா முடிச்சிடாதடி" என்றாள். "நல்லா நீட்டி சொல்லு."

என் கதை அம்மாவுக்கும் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். அன்றைக்குத் தூங்குகிற வரைக்கும் யானைக்கு இன்னும் என்னென்ன சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.