குவைத்திலிருந்து நகர்ந்த அம்பு

அன்று வீட்டில் இருந்தது நானும் படுக்கையில் கிடந்த அம்மாவும் மட்டும். குவைத்திலிருந்த தம்பி, அம்மாவை வீடியோவில் பார்க்க வேண்டுமென்று, எங்கள் பழைய கம்ப்யூட்டரில் புது விண்டோஸை அங்கிருந்தே ஏற்றிக்கொண்டிருந்தான். திரையில் அம்பு தானாக நகர்ந்தது.

"ஏட்டி, அது அவன் கையா?" என்று அம்மா சிரித்தாள்.

"டூட்டிக்குப் போறேன். கொஞ்ச நேரம் அனங்காம அப்படியே நிக்கும், அணைச்சிராதக்கா" என்று தம்பி என் பட்டன் போனில் சொன்னான்.

அம்பு மறைந்தது. விண்டோஸ் ஏறுவது முப்பத்திரண்டு சதவீதத்தில் ஒரு மணி நேரம் அப்படியே நின்றது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எரிந்துவிடுமோ என்று பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பிறகு அது திறக்கவே இல்லை. நாகர்கோவில் கடையில் சரியாகி வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அடக்கத்துக்கு வந்த தம்பி, "அன்னைக்கு கரண்ட் மட்டும் போவலன்னா, அம்மாவ உயிரோட ஒருக்கா பாத்திருப்பேன்க்கா" என்று அழுதான்.

கரண்ட் போனதாக அவனிடம் சொன்னது நான்தான். அவனிடம் இன்னும் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.