கதவைத் துழாவும் சாவி

1994ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தின் கடைசி வாரங்களில்தான் ட்யூனெ ரிந்தகோஸ்கியை முதன்முதலாகச் சந்தித்தேன். பின்லாந்தின் தம்பெரெ நகரில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவர் வேலைபார்த்துவந்தார். தம் குடியிருப்பில் அறை காலியாக இருப்பதாக நாளிதழில் விளம்பரம் கொடுத்திருந்தார். ‘ரைட்டிஸ் வீடு’ என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் ஃபின்னிய மொழியில் தூய காற்றுக்கும் அதே சொல்தான், குடியைத் தொடாத மனிதருக்கும் அதே சொல்தான். அதுவரை தங்கியிருந்த அறையின் ஈரச்சுவர்களுக்கிடையே இருமிக் களைத்திருந்த நான், காற்றோட்டமான வீடு என்றே புரிந்துகொண்டு போனேன். ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதே என் முதல் கேள்வி.

“ஜன்னல் கெடக்கட்டும். குடிப்பீங்களா, மாட்டீங்களா?” என்றார்.

விளங்கியதும் இருவரும் சிரித்தோம்.

“இத்தன வருசத்துல இங்க காத்து வாங்க வந்த மொத ஆளு நீங்கதான் தாயே.”

நான் குடிப்பதில்லை, சுவை பிடிக்காது என்பதைத் தவிரக் காரணம் எதுவுமில்லை. அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. சாவியைக் கொடுத்து, வெளியே சென்று கதவைப் பூட்டித் திறந்துவரச் சொன்னார். உள்ளே நின்று காதுகொடுத்துக் கேட்டார். சாவி தடுமாறாமல் துளைக்குள் சென்றது. அறை எனக்குக் கிடைத்தது.

அந்தச் சோதனையின் பொருளைக் குளிர்காலத்தில் அவரே சொன்னார். ஔனெ என்ற தோழியும் அவரும் ஒன்றாகக் குடியை விட்டவர்கள். ஒருவருக்கொருவர் காவலாக இருக்கவே அந்த வீட்டை எடுத்தவர்கள். குடித்துவிட்டு வருபவருக்குக் கதவைத் திறக்கக்கூடாது என்ற விதியை இருவரும் சேர்ந்தே வகுத்திருந்தனர். ஒரு ஜனவரியில் ஔனெ குடித்துவிட்டு வந்து, துளை அகப்படாமல் சாவியால் கதவை நெடுநேரம் சுரண்டினாள். ட்யூனெ உள்தாழ்ப்பாளை எடுக்கவில்லை. மறுநாள் ஏரிக்கரைப் பனியில் ஔனெ விறைத்துக் கிடந்தாள்.

வீட்டில் துணையில்லாவிட்டால் அந்தச் சுரண்டல் தமக்குக் கேட்கும் என்றும், அதைக் கேட்டுக்கொண்டே குடிக்காமல் இருப்பது தம்மால் ஆகாது என்றும் அவர் சொன்னார். அறைக்கு ஆள் தேடியது அதற்காகத்தான். நானும் சில பிற்பகல்களில் அதைக் கேட்டிருக்கிறேன். திறந்த ஜன்னலின் காற்று என்று சொல்லிக்கொள்வேன்.

மூன்றாவது அறைக்கு இர்யா வந்தாள். பேருந்து ஓட்டுபவள், மூன்றாண்டுகளாகக் குடியை விட்டிருந்தவள், வாய்த்துடுக்குள்ளவள். “இந்த வீட்டுல காப்பி ஒண்ணுதான் போதை. அதயும் தண்ணியா போடுறீங்களே” என்று எங்களை வம்புக்கிழுப்பாள். அவள் வந்தபின் ட்யூனெ வேலைக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்தார். வீடு நிலைத்துவிட்டது என்று நம்பினோம்.

கோடைத் திருநாளுக்கு முந்திய மாலை. ஊர் முழுவதும் ஏரிக்கரைக்குப் போயிருந்தது. வெயில் சமையலறை மேசைமீது படிந்திருந்தது. கதவில் சாவி சுரண்டும் ஓசை எழுந்தது. துளையைச் சுற்றிச் சுற்றி வந்தது, நின்றது, மீண்டும் தொடங்கியது. நான் எழுந்தேன். ட்யூனெ என் மணிக்கட்டைப் பற்றினார்.

“உக்காரு. அது ஔனெதான். உனக்கும் கேக்குதா?”

இர்யாவாக இருக்கலாம் என்றேன். இர்யா குடிக்கமாட்டாள் என்று அவர் தலையசைத்தார். ஓசை நின்றபின்னரே பிடியைத் தளர்த்தினார். நான் கதவைத் திறந்தபோது படிக்கட்டில் ஒருவரும் இல்லை. சாராய வாடை மட்டும் இருந்தது.

மறுநாள் இர்யா தெளிந்து வந்து பெட்டியைக் கட்டினாள். மாடிவீட்டுக்காரர் அவளை உள்ளே அழைத்துப் படுக்கவைத்திருந்தார்.

“உள்ள நீங்க பேசுனது கேட்டுச்சு. விதிய மீறுனேன், வெளிய நிறுத்துனீங்க, சரி. உயிரோட நிக்கிறவள எதுக்குச் செத்தவளாக்குனீங்க?”

ட்யூனெயின் முகத்தில் நான் கண்டது வருத்தமன்று, திகில். உயிரோடு நின்ற ஔனெயையும் அவர் ஒருமுறை இப்படித்தான் உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் அவர் யாரிடமும் சாவியைக் கொடுத்துச் சோதிக்கவில்லை. மூன்றாவது அறை காலியாகவே கிடந்தது. குடியை அவர் கடைசிவரை தொடவில்லை, தூக்கத்தைத்தான் இழந்தார். நுரையீரல் நோய் முற்றி மருத்துவமனைக்குப் போகவிருந்த நாளில், அறைக்கு ஆள் தேடட்டுமா என்று கேட்டேன்.

“தேடு. குடிய விட்டவங்களாவே பாரு. ஆனா ஒண்ணு, வெளிய சாவி தடுமாறுச்சுன்னா, யாரு, உசுரோட இருக்கிறவளா இல்லையான்னு யோசிக்காத. எந்திரிச்சுப் போயித் தெற.”